வேர்ட்பிரஸ் தளத்தை நீங்களே மாற்றியமைத்து, பூட்டி, வேறு ஹோஸ்டிங்குக்குக் கொண்டுபோவது எப்படி?

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டு வெளியூருக்கு அனுப்பும் அண்ணாச்சி ஒருவர் போன வருடம் ஒரு நாள் காலையிலேயே கூப்பிட்டார். "தம்பி, சைட்ட செஞ்சு குடுத்தவன் போனே எடுக்க மாட்டேங்கான். ஹோஸ்டிங் முடியப் போவுதுன்னு மெயில் மேல மெயில் வருது. உள்ள என்ன இருக்கு, எங்க இருக்குன்னு ஒண்ணும் புரியல. என்னடே செய்ய?" போய்ப் பார்த்தேன். தளம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அட்மின் பாஸ்வேர்டு அவரிடம் இல்லை. ஹோஸ்டிங், அதாவது தளம் குடியிருக்கும் வாடகை இடம், அந்தக் கணக்கு அவர் மெயிலில் இருந்தாலும் அதன் பாஸ்வேர்டும் தெரியாது. டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், தளத்தைச் செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தது. நான்கு வருட ஆர்டர், வாடிக்கையாளர் விவரம், படங்கள் எல்லாம் இருந்தும் எதுவும் அவர் கைக்கு எட்டவில்லை.

நம் பக்கத்தில் இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். பத்தமடைப் பாய், காருகுறிச்சி மண்பாண்டம், வீரவநல்லூர் சேலை என்று விற்பவர்கள் யாரிடமாவது பணம் கொடுத்து ஒரு தளம் செய்து வாங்கிவிடுகிறார்கள், அப்புறம் ஒரு படம் மாற்றவேண்டுமென்றாலும் அந்த ஆளைத்தான் தேடவேண்டியிருக்கிறது. கடையின் கணக்கு நோட்டை யாராவது வெளியாள் வீட்டில் வைப்போமா? தளமும் அப்படித்தான். நீங்கள் புரோகிராமர் ஆக வேண்டாம், எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

தளம் என்பது மூன்று பொருள்

வேர்ட்பிரஸ் என்பது இணையதளம் கட்டுவதற்கான மென்பொருள், 2003 மே 27 அன்று வெளிவந்தது, மாட் முல்லென்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் தொடங்கியது. ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வருவதால் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். வேர்ட்பிரஸ்.காம் என்பது முல்லென்வெக்கின் ஆட்டோமேட்டிக் நிறுவனம் இடமும் கொடுத்து நடத்தும் சேவை, வேர்ட்பிரஸ்.ஆர்க் என்பது மென்பொருளை இறக்கி நாம் வாங்கிய ஹோஸ்டிங்கில் போட்டுக்கொள்ளும் வழி. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

அப்படிப் போட்ட தளத்தில் மூன்று பொருள் உண்டு. ஒன்று, ஃபைல்கள். இவை கடைச் சரக்கு மாதிரி. இரண்டு, டேட்டாபேஸ். அதுதான் கணக்கு நோட்டு. மூன்று, டொமைன். வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை. மூன்றும் மூன்று இடத்தில் இருக்கலாம், மூன்று பேர் பெயரிலும் இருக்கலாம், அங்கேதான் சிக்கலே வரும்.

ஃபைல்களில் டபிள்யூபி-அட்மின், டபிள்யூபி-இன்க்ளூட்ஸ் என்ற இரண்டு ஃபோல்டரும் வேர்ட்பிரஸின் சொந்தப் பொருள், கெட்டுப்போனால் புதிதாக இறக்கிக்கொள்ளலாம். டபிள்யூபி-கன்டென்ட் என்ற ஃபோல்டர்தான் உங்களுடையது, அதற்குள் தோற்றத்தைத் தரும் தீம்ஸ், கூடுதல் வசதி சேர்க்கும் பிளகின்ஸ், நீங்கள் ஏற்றிய படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் மூன்றும் உண்டு. வெளியே தனியாக டபிள்யூபி-கான்ஃபிக்.பிஹெச்பி என்று ஒரு ஃபைல் இருக்கும். டேட்டாபேஸின் பெயர், பயனர், பாஸ்வேர்டு எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும், வீட்டுச் சாவி மாதிரி அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டேட்டாபேஸில் புதிதாக நிறுவிய தளத்தில் 12 அட்டவணை இருக்கும், கட்டுரை, பக்கம், கருத்து, பயனர், அமைப்பு எல்லாம் அவற்றில். பிளகின் போடப் போட அட்டவணையும் கூடும்.

அண்ணாச்சி கதைக்கு இது உடனே உதவியது. ஹோஸ்டிங் பாஸ்வேர்டை அவர் மெயில் வழியாக மாற்றினோம். உள்ளே போய், டேட்டாபேஸைப் பார்த்துத் திருத்தும் கருவியான பிஹெச்பிமைஅட்மினைத் திறந்து, பயனர் அட்டவணையில் அட்மினின் மெயில் முகவரியை அண்ணாச்சியின் மெயிலாக மாற்றி, லாகின் பக்கத்தில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்தினோம். அரை மணி நேரத்தில் தளம் அவர் கைக்கு வந்துவிட்டது. டொமைன் மட்டும் ஒரு மாதம் இழுத்தது, அந்த ஆளை நேரில் பிடித்துப் பேசித்தான் அண்ணாச்சி பெயருக்கு மாற்றினோம். உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். தள்ளிப்போடக் கூடாத வேலை இது.

முதலில் வாய்க்காலில் நீந்துங்கள்

பாளையங்கால்வாயில் நீந்திப் பழகிய பிறகுதான் எங்களை ஆற்றுக்கே விடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் கைவைத்துப் பழகாதீர்கள். லோக்கல் என்ற இலவசச் செயலியையோ ஸாம்ப்பையோ உங்கள் கணினியில் நிறுவினால் வேர்ட்பிரஸ் அதிலேயே ஓடும், இணையம்கூட வேண்டாம். எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால் வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் என்று ஒன்று இருக்கிறது, பிரவுசருக்குள்ளேயே முழு வேர்ட்பிரஸ் திறக்கும், ஜன்னலை மூடினால் போய்விடும், தீம் எப்படி இருக்கும் என்று பார்க்க அது போதும். உங்கள் தளத்தின் நகலை இப்படிக் கணினியில் ஒரு தடவை ஓட வைத்துவிட்டீர்களானால் இடம் மாற்றும் வேலையில் பாதி அப்போதே கற்றுவிட்டீர்கள்.

தோற்றத்தை மாற்றும்போது

தீம்களில் இரண்டு வகை. பழைய வகையில் அப்பியரன்ஸ் மெனுவின் கீழ் கஸ்டமைஸ் என்று வரும். 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பிலிருந்து பிளாக் தீம்கள் வந்தன, அவற்றில் எடிட்டர் என்று வரும். தலைப்பகுதி, அடிப்பகுதி, கட்டுரைப் பக்கம் எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக நகர்த்தி மாற்றலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் பிளாக் தீமைத்தான் சொல்வேன். நீங்கள் எடிட்டரில் செய்யும் மாற்றம் டேட்டாபேஸில் சேமிக்கப்படுவதால் தீமுக்கு அப்டேட் வந்தாலும் அழியாது.

பழைய வகைத் தீமில் ஃபைலையே திறந்து திருத்துகிறவர்கள் கட்டாயம் சைல்டு தீம், அதாவது மூலத் தீமைச் சார்ந்து நிற்கும் தனித் தீம், செய்துகொள்ள வேண்டும். மூலத் தீமின் ஃபைலைத் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் திருத்தியதெல்லாம் போய்விடும். சைல்டு தீம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. தீம்ஸ் ஃபோல்டருக்குள் புது ஃபோல்டர், அதற்குள் ஸ்டைல்.சிஎஸ்எஸ் என்ற ஃபைல், அதன் தலையில் இரண்டு வரி: ஒன்று உங்கள் தீமின் பெயர், இன்னொன்று டெம்ப்ளேட் என்று போட்டு மூலத் தீமின் ஃபோல்டர் பெயர். அந்த ஃபோல்டர் பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் வேலை செய்யாது. கூடவே ஃபங்ஷன்ஸ்.பிஹெச்பி என்று ஒரு ஃபைல் வைத்துக்கொண்டால் சின்னச் சின்ன மாற்றங்களை அதில் எழுதலாம். நிறம், இடைவெளி மாதிரி சின்ன விஷயத்துக்கு சைல்டு தீமும் வேண்டாம், அடிஷனல் சிஎஸ்எஸ் என்ற பெட்டியில் எழுதினால் போதும். ஆனால் அது அந்தத் தீமோடு மட்டும் ஒட்டியது, தீமை மாற்றினால் கூட வராது, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்கு மட்டும் வரும் சில தொல்லைகள் உண்டு. எங்கே தேடினாலும் இதைப் பற்றி யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலாவது எழுத்துரு. தீமோடு வரும் எழுத்துருக்களில் பெரும்பாலும் தமிழ் எழுத்தே இருக்காது, அதனால் பார்க்கிறவர் போனில் இருக்கும் ஏதோ ஒரு எழுத்துரு வந்து நிற்கும், ஆளுக்கு ஆள் தளம் வேறு மாதிரி தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை என்று நல்ல இலவச எழுத்துருக்கள் இருக்கின்றன. பிளாக் தீம்களில் 2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பிலிருந்து ஃபான்ட் லைப்ரரி இருக்கிறது, அதிலிருந்தே நிறுவலாம், ஃபைலாக ஏற்றவும் செய்யலாம். ஏற்றிய பிறகு 'ஸ்ரீ', 'க்ஷ', 'கௌ' எல்லாம் வருகிற மாதிரி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அப்புறம் வரி இடைவெளி. தலைப்புக்கு 1.1 என்று வைத்திருப்பார்கள், ஆங்கிலத்துக்கு அது அழகு, தமிழில் மேல் வரியின் 'கு'வும் கீழ் வரியின் 'கி'யும் இடித்துக்கொள்ளும். தலைப்புக்கு 1.4, உரைக்கு 1.7 அல்லது 1.8 வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். எழுத்து இடைவெளியைக் கழித்தலில் வைத்த தீமாக இருந்தால் அதைச் சுழியம் ஆக்கிவிடுங்கள்.

இரண்டாவது, முன்பக்கத்தில் வரும் சுருக்கம். வேர்ட்பிரஸ் தானாக 55 சொல் எடுக்கும். ஆங்கிலத்தில் அது நாலைந்து வரி. நம் சொற்கள் நீளமானவை, 55 சொல் என்றால் போனில் ஒரு திரையே நிறைந்துவிடும். 25 என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது: முகவரி. தலைப்பைத் தமிழில் எழுதினால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்கும். உள்ளே அது ஒவ்வொரு தமிழ்க் குறியையும் சதவீதக் குறி போட்ட 9 எழுத்தாக மாற்றித்தான் வைக்கிறது, முகவரிக்கு மொத்த இடமோ 200 எழுத்து. அதாவது 22 குறி. 'தி' என்பது நமக்கு ஒரு எழுத்து, கணினிக்கு 'த', 'இ'கரக் குறி என்று இரண்டு. 'திருநெல்வேலி அல்வா செய்முறை' என்று தலைப்பு வைத்தால் திருநெல்வேலிக்கே 108 போய்விடும், அல்வாவுக்கு 45, முகவரி 'திருநெல்வேலி-அல்வா-செய்ம' என்று பாதியில் அறுந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் பல நேரம் அது சதவீதக் குறிகளாக ஒரு முழம் நீளத்துக்கு வரும், பார்க்கிறவர்கள் ஏதோ ஏமாற்று இணைப்பு என்று பயந்து தொடமாட்டார்கள். அதனால் தலைப்பைத் தமிழில் வையுங்கள், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே எழுதுங்கள். பத்தமடையில் பாய் நெய்யும் ஒரு அக்காவின் தளத்தில் இப்படி மாற்றிக் கொடுத்தபோது, "இப்பத்தான் இணைப்பப் பாத்தா நம்ம கடைன்னு தெரியுது" என்றார்கள். ஏற்கனவே வெளியான கட்டுரையின் முகவரியை மாற்றினால் பழைய முகவரி புதியதற்குத் திரும்புகிறதா என்று ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

பூட்டு

"நம்ம சின்னக் கடைய எவன் வந்து உடைக்கப் போறான்?" என்று எல்லாரும் கேட்பார்கள். உடைக்க வருவது ஆள் இல்லை, நிரல். உங்கள் கடை எது என்று பார்த்து அது வராது. தெருவில் ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகும், திறந்த கதவுக்குள் நுழையும்.

அந்தக் கதவு பெரும்பாலும் பழைய பிளகின்தான். வேர்ட்பிரஸின் சின்ன அப்டேட்கள் 2013இல் வந்த 3.7 பதிப்பிலிருந்தே தானாக ஏறிவிடும். பிளகினும் தீமும் அப்படி இல்லை, பிளகின்ஸ் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் எதிரே தானியங்கி அப்டேட்டை நீங்கள்தான் இயக்க வேண்டும், 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. பயன்படுத்தாத பிளகினை நிறுத்தி வைப்பது போதாது. நிறுத்தினாலும் ஃபைல் சர்வரில், அதாவது ஹோஸ்டிங்காரரின் கணினியில்தான் இருக்கும், வெளியிலிருந்து அதைத் தொடமுடியும். நீக்கிவிடுங்கள். புதிதாக ஒன்று போடும்போது கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று பாருங்கள், வருடக்கணக்கில் யாரும் தொடாததாக இருந்தால் வேண்டாம்.

காசு கொடுத்து வாங்கவேண்டிய தீம் இலவசமாகக் கிடைக்கிறது என்று யாராவது ஜிப் ஃபைல் அனுப்பினால் வாங்கவே வாங்காதீர்கள். நான் பார்த்த கெட்டுப்போன தளங்களில் பாதி அப்படித்தான் கெட்டது. வெளியே ஒன்றும் தெரியாது, கூகுளில் தேடினால் மட்டும் உங்கள் டொமைனில் ஜப்பானிய எழுத்தில் நூற்றுக்கணக்கில் பக்கங்கள் வரும். உங்கள் தளத்தை அடிக்கடி கூகுளில் 'சைட்' (site:) என்ற கட்டளையோடு தேடிப் பாருங்கள், இந்தத் திருட்டு அதில்தான் முதலில் தெரியும்.

லாகின் விஷயம். வேர்ட்பிரஸ் இயல்பாக எத்தனை தடவை தவறான பாஸ்வேர்டு போட்டாலும் தடுக்காது, போடப் போட மீண்டும் கேட்டுக்கொண்டேயிருக்கும். லாகின் முயற்சிகளுக்கு வரம்பு வைக்கும் பிளகின் ஒன்று, இரண்டடுக்குச் சோதனைக்கு ஒன்று, இந்த இரண்டும் கட்டாயம் வேண்டும். இரண்டாவதில் போனில் வரும் ஆறு இலக்க எண்ணும் சேர்ந்தால்தான் உள்ளே விடும். கூடவே கிடைக்கும் அவசர எண்களைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள், போன் தொலைந்தால் அதுதான் வழி. பயனர் பெயர் 'அட்மின்' என்றோ கடைப் பெயராகவோ இருக்கக் கூடாது. கடைப்பையனுக்கு ஆர்டர் பார்க்க மட்டும் வேண்டுமானால் அட்மின் கணக்கைக் கொடுக்காதீர்கள், அவனுக்கென்று குறைந்த அதிகாரத்தில் தனிக் கணக்கு திறந்து கொடுங்கள். வேலையை விட்டுப் போனால் அந்தக் கணக்கை மட்டும் மூடினால் போதும்.

அப்புறம் சர்வர் பக்கம் செய்யவேண்டியவை. யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதைச் சொல்லும் அனுமதி எண் ஃபோல்டர்களுக்கு 755, ஃபைல்களுக்கு 644, கான்ஃபிக் ஃபைலுக்கு 600 அல்லது 640. எங்கேயாவது 777 என்று கண்டால் உடனே மாற்றுங்கள், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அர்த்தம் அது. கான்ஃபிக் ஃபைலில் டிஸ்அலவ் ஃபைல் எடிட் என்ற ஒரு வரியைச் சேர்த்தால் அட்மின் பக்கத்திலிருந்து தீம், பிளகின் ஃபைலைத் திருத்தும் வசதி மறைந்துவிடும், பாஸ்வேர்டு திருட்டுப்போனாலும் சேதம் குறையும். அதே ஃபைலில் எட்டு ரகசியச் சாவிகள் இருக்கும். யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் அந்த எட்டையும் மாற்றுங்கள், உள்ளே இருக்கும் அத்தனை பேரும் அந்த நொடியே வெளியேற்றப்படுவார்கள். அதோடு எல்லா பாஸ்வேர்டையும் மாற்றவேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம். அப்லோட்ஸ் ஃபோல்டரில் படமும் பிடிஎஃப்பும்தான் இருக்கவேண்டும், அங்கே பிஹெச்பி ஃபைல் இருந்தால் அது என்ன, எப்போது வந்தது என்று விசாரியுங்கள்.

தளம் திடீரென்று வெள்ளைத் திரையாகிவிட்டால் பதறவேண்டாம். 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து பிழை வந்தால் அட்மின் மெயிலுக்கு ஒரு மீட்பு இணைப்பு வரும், அதன் வழியாக உள்ளே போய்த் தவறு செய்த பிளகினை நிறுத்தலாம். அந்த மெயில் நீங்கள் திறக்கக்கூடிய மெயிலாக இருக்கவேண்டும் என்பதுதான் முக்கியம். மெயில் வரவில்லை என்றால் ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் அந்த பிளகினின் ஃபோல்டர் பெயரை மாற்றுங்கள், வேர்ட்பிரஸ் அதைக் காணவில்லை என்று தானாக நிறுத்திவிடும்.

பேக்கப்

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு நெல்லை சந்திப்பு, வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் ஏறியது, கலெக்டர் அலுவலகத்துக்குள்ளேயே தண்ணீர். வண்ணாரப்பேட்டையில் தரைத்தளத்தில்தான் அப்போது என் மேசை இருந்தது. கணினியும் போயிற்று, பேக்கப் எடுத்து வைத்த ஹார்டு டிஸ்க்கும் போயிற்று, இரண்டும் ஒரே மேசையில் இருந்தன. இணைய மேகத்தில் (கிளவுட்) ஒரு நகல் இருந்த மூன்று தளங்கள் பிழைத்தன. ஒரு தளத்தின் பழைய படங்கள் இன்றுவரை கிடைக்கவில்லை, அந்தப் படங்களில் இருந்தவர் இப்போது இல்லை, அவர் மகளிடம் அதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன்.

அதனால் மூன்று நகல், இரண்டு வகை இடம், அதில் ஒன்று ஊருக்கு வெளியே. ஹோஸ்டிங்காரர் எடுத்து வைப்பார் என்று விடாதீர்கள், அவர் பேக்கப்பும் பெரும்பாலும் அதே கணக்குக்குள்தான் இருக்கும், கணக்கு முடங்கினால் இரண்டும் சேர்ந்து போகும். அப்டிராஃப்ட்பிளஸ் மாதிரி ஒரு பிளகின் இலவசமாகவே கூகுள் டிரைவுக்கு அனுப்பும். ஆர்டர் வரும் தளமென்றால் டேட்டாபேஸ் தினமும், ஃபைல்கள் வாரம் ஒரு தடவை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த பேக்கப்பை உங்கள் கணினியில் விரித்து ஓட வைத்துப் பாருங்கள். விரித்துப் பார்க்காத பேக்கப்பை நம்பி நான் ஒரு பொத்தானைக்கூட அழுத்தமாட்டேன்.

இடம் மாற்றுவது

இப்போது அண்ணாச்சியின் தளத்தை மாற்றிய விதத்தைச் சொல்கிறேன், நீங்கள் கூடவே செய்யலாம். டூப்ளிகேட்டர், ஆல்-இன்-ஒன் டபிள்யூபி மைக்ரேஷன் என்று இதற்கென்றே பிளகின்கள் இருக்கின்றன, சின்னத் தளத்துக்கு அவை போதும். ஆனாலும் ஒரு தடவையாவது கையால் செய்யுங்கள். பிளகின் பாதியில் நின்றுவிட்டால் எங்கே நின்றது என்று தெரியவேண்டும் அல்லவா?

ஒரு நாள் முன்பே, டொமைன் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்று எழுதியிருக்கும் டிஎன்எஸ் பக்கத்துக்குப் போய் டிடிஎல் என்ற எண்ணை 300 ஆக்கிவிடுங்கள். இது விநாடிக் கணக்கு. முகவரி மாறினால் எவ்வளவு நேரம் உலகம் பழைய முகவரியையே நினைவில் வைத்திருக்கலாம் என்று சொல்வது இந்த எண்தான். 14400 என்று இருந்தால் நான்கு மணி நேரம், 300 என்றால் ஐந்து நிமிடம்.

அன்றைக்கு இரவு, ஆர்டர் குறைந்த நேரத்தில் தொடங்குங்கள். அண்ணாச்சியிடம் "பத்து மணிக்கு மேல ஆர்டர் பக்கத்த நிறுத்திருவோம் அண்ணாச்சி" என்று முன்பே சொல்லிவைத்தேன். நகல் எடுத்த பிறகு பழைய இடத்தில் விழும் ஆர்டர் புது இடத்துக்கு வராது, அதனால்தான். தீபாவளிக்கு முன்னாலும் பொங்கலுக்கு முன்னாலும் இந்த வேலையை எடுக்காதீர்கள்.

ஃபைல்களை ஃபைல் மேனேஜரில் ஒரே ஜிப்பாக்கி இறக்குங்கள். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைலை ஒவ்வொன்றாக இறக்கினால் விடிந்துவிடும். டேட்டாபேஸை பிஹெச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் செய்து எஸ்க்யூஎல் ஃபைலாக எடுங்கள். புது இடத்தில் வெற்று டேட்டாபேஸ் ஒன்று, அதற்கு ஒரு பயனர், நல்ல பாஸ்வேர்டு உருவாக்கி, அந்த எஸ்க்யூஎல்லை இம்போர்ட் செய்யுங்கள். பெரிய ஃபைலை ஏற்றாது என்று சொன்னால் அது பிஹெச்பியின் அளவு வரம்பு, இயல்பில் வெறும் 2 எம்பிதான் இருக்கும், ஹோஸ்டிங் பக்கத்தில் கூட்டலாம். பிறகு ஜிப்பை ஏற்றி விரித்து, கான்ஃபிக் ஃபைலில் புது டேட்டாபேஸ் பெயர், பயனர், பாஸ்வேர்டு மூன்றையும் மாற்றுங்கள். அதே ஃபைலில் அட்டவணைகளின் முன்னொட்டு என்று ஒன்று இருக்கும், அது டேட்டாபேஸில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் வேர்ட்பிரஸ் புதிதாக நிறுவச் சொல்லும் பக்கத்தைக் காட்டும், எல்லாம் அழிந்துவிட்டது என்று பயந்து அதில் நிறுவு என்று அழுத்திவிடாதீர்கள்.

இங்கேதான் தமிழ்த் தளங்கள் மாட்டிக்கொள்ளும். தளம் திறக்கும், படம் வரும், எழுத்து மட்டும் கேள்விக்குறியாகவோ, தலையில் கோடு போட்ட 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறியோ வரும். இரண்டும் ஒன்றில்லை. 'ஏ'யும் 'ஆரு'ம் வந்தால் தமிழ் பத்திரமாகத்தான் இருக்கிறது, தப்பான கண்ணாடி போட்டுப் படிக்கிறோம், அவ்வளவுதான். தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துப் பதிவு முறையில் மூன்று பைட், அதை லத்தீன் என்று நினைத்துப் படித்தால் முதல் இரண்டு பைட்டும் பெரும்பாலும் அந்த இரண்டு குறியாகவே தெரியும். இம்போர்ட் செய்யும்போது யூடிஎஃப்-8 என்றும், கான்ஃபிக்கில் யூடிஎஃப்8எம்பி4 என்றும் இருக்கிறதா பார்த்து மறுபடி ஏற்றினால் பெரும்பாலும் சரியாகும். கேள்விக்குறி வந்தால் அந்த நகலில் எழுத்து போயே போய்விட்டது, எந்த வித்தையாலும் திரும்பாது, பழைய இடத்திலிருந்து புதிதாக எடுக்கவேண்டும். எஸ்க்யூஎல் ஃபைலை ஏதோ ஒரு எடிட்டரில் திறந்து, தமிழுக்கு இடமில்லாத ஆன்சி என்ற பழைய முறையில் சேமித்தால் இப்படி ஆகும். இறக்கிய ஃபைலைத் திறக்காமல் அப்படியே ஏற்றுவதே நல்லது.

டொமைன் பெயர் மாறாவிட்டால் இதோடு பெரிய வேலை முடிந்தது. பெயரும் மாறுகிறது என்றால் டேட்டாபேஸ் முழுக்கப் பழைய முகவரியைப் புதியதாக மாற்றவேண்டும், இதை எடிட்டரில் தேடி மாற்றக் கூடாது. வேர்ட்பிரஸ் பல அமைப்புகளை ஒரு விதமாகக் கட்டி வைக்கிறது: முகவரிக்கு முன்னால் அது எத்தனை எழுத்து நீளம் என்ற எண்ணும் இருக்கும். முகவரியை மட்டும் மாற்றி எண்ணை விட்டுவிட்டால் கணக்கு ஒத்துவராமல் அந்த அமைப்பையே வேர்ட்பிரஸ் தூக்கி எறிந்துவிடும், விட்ஜெட் காணாமல் போகும், தீம் அமைப்பு வெறுமையாகும். பெட்டர் சர்ச் ரீப்ளேஸ் என்ற பிளகினோ, டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கட்டளைக் கருவியின் சர்ச்-ரீப்ளேஸ் கட்டளையோ அந்த எண்ணையும் சேர்த்து மாற்றும். இரண்டிலும் முதலில் ஒத்திகை பார்க்கும் வசதி உண்டு, எத்தனை இடம் மாறும் என்று பார்த்துவிட்டு அப்புறம் ஓட விடுங்கள்.

உலகத்துக்குத் திறந்துவிடும் முன் நீங்கள் மட்டும் பார்க்க ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் கணினியில் சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று போனால் ஹோஸ்ட்ஸ் என்ற ஃபைல் இருக்கும். அதில் புது சர்வரின் ஐபி எண்ணையும் (இணையத்தில் அந்தக் கணினியின் முகவரி எண்) உங்கள் டொமைனையும் ஒரு வரியில் எழுதினால் உங்கள் கணினி மட்டும் புது இடத்துக்குப் போகும், மற்றவர்கள் பழையதையே பார்ப்பார்கள். நிதானமாக எல்லாப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். கட்டுரைப் பக்கங்கள் மட்டும் பக்கம் இல்லை, 404 என்று வந்தால் செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் சேமி என்று அழுத்துங்கள், சரியாகிவிடும். வேலை முடிந்ததும் அந்த வரியை அழிக்க மறக்கவேண்டாம்.

சரி என்று தோன்றியதும் டிஎன்எஸ்ஸில் டொமைனுக்கான ஐபி எண்ணைச் சொல்லும் ஏ ரெக்கார்டை புது ஐபிக்கு மாற்றுங்கள். டிஎன்எஸ் பதிவுகளையே வைத்திருக்கும் நேம்சர்வரை மாற்றினால் மெயிலுக்கான எம்எக்ஸ் ரெக்கார்டுகளையும் புது இடத்தில் எழுதியாக வேண்டும், இல்லையென்றால் தளம் ஓடும், மெயில் நின்றுபோகும், அதை இரண்டு நாள் கழித்துத்தான் கவனிப்பீர்கள். கடை மெயில் பழைய ஹோஸ்டிங்கிலேயே இருந்தால் அதைத் தனியாக மாற்றிய பிறகே அந்தக் கணக்கை மூடவேண்டும். முகவரி மாறியதும், பிரவுசரில் பாதுகாப்பான தளம் என்று காட்ட வைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை இயக்குங்கள், இலவசம்தான், 90 நாள் செல்லும், தானாகப் புதுப்பிக்கும்படி ஹோஸ்டிங் பக்கத்திலேயே இருக்கும். செட்டிங்ஸில் ரீடிங் பக்கத்தில் தேடுபொறிகளைத் தடுக்கும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள், நகலில் வேலை செய்யும்போது போட்டதை எடுக்க மறந்து மூன்று மாதம் கூகுளில் காணாமல் போன கடை எனக்குத் தெரியும். ஒரு ஆர்டரை நீங்களே போட்டு, மெயில் வருகிறதா என்று பார்த்துவிட்டு அதை ரத்து செய்யுங்கள்.

நீங்கள் ஏற்றிய அந்த ஜிப்பையும் எஸ்க்யூஎல்லையும் புது சர்வரிலிருந்து நீக்குங்கள். முகவரியை யூகித்து யாராவது இறக்கினால் மொத்தக் கடையும் அவர் கையில். பழைய ஹோஸ்டிங்கை இரண்டு வாரம் அப்படியே வைத்திருந்து பிறகு மூடுங்கள்.

அண்ணாச்சி வீட்டில் வேலை முடியும்போது இரவு ஒன்றேகால். கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் டொமைன் முடியும் தேதி, ஹோஸ்டிங் முடியும் தேதி, கணக்கு எந்த மெயிலில் இருக்கிறது என்று மூன்று வரி அவர் கையாலேயே எழுதினார். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார். "தம்பி, ஜவ்வரிசி வத்தல் படத்த நானே மாத்திட்டேன், நல்லாருக்கான்னு பாருடே" என்றார். படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஆனால் அளவு சரியாகச் சுருக்கி ஏற்றியிருந்தார்.